முன்மூலையில் ஒரு மஞ்சள் அடையாளம்

இது நடந்தது முந்தின வருடம் ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. இடம், லண்டனில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு பூங்கா. காலை ஒன்பது பத்துக்கு என் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இருபத்தாறு வருடமாக டயரி எழுதுகிறவன் என்பதால் நேரம் இவ்வளவு சரியாகத் தெரிகிறது. ஆனால் அந்த நாளுக்குரிய பக்கத்தில் காலையில் எழுதிய இந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. மிச்சம் வெறுமை. இருபத்தாறு வருடத்தில் அப்படி வெறுமையாகக் கிடப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான்.

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. கோலியர்ஸ் வுட்டில் வசிக்கிறேன். கடைகளிலும் பக்டரிகளிலும் உள்ள தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் எழுதி வைக்கவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

லண்டனுக்கு வந்த முதல் மாரியில், டூட்டிங்கில் ஒரு பஸ் தரிப்பில் நனைந்துகொண்டு நின்றபோது, ஒரு பெரிய அமெரிக்கக் கார் உறுமிக்கொண்டு போனது. பஸ் தரிப்பின் கண்ணாடி அதிர்ந்தது. கையில் பஸ் காசைத் தவிர வேறொன்றும் இல்லாத எனக்கு அந்தச் சத்தம் ஏனோ பிடித்துப்போயிற்று. இருபது வருடத்துக்குப் பிறகு அதே வகைக் கார் ஒன்றை, கென்ட் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில், கோழி எச்சம் மூடிக் கிடந்த நிலையில் வாங்கினேன். அறுபத்தொன்பதாம் ஆண்டு மாடல், எட்டு சிலிண்டர். மசில் கார் என்பார்கள். மனைவி அதற்கு எருமை என்று பெயர் வைத்திருக்கிறாள். தோர்ண்டன் ஹீத்தில் வாடகைக்கு எடுத்த கராஜில் வைத்து, சனிக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, ஒன்பது வருடத்தில் அதை மறுபடி ஓடவைத்தேன்.

இப்படிப்பட்ட கார்களைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தச் சாமான் காரோடு பிறந்ததா, பிறகு வந்து சேர்ந்ததா? அதற்குப் பதில் இரும்பிலேயே இருக்கிறது. எஞ்சினின் பெரிய துண்டுகள் ஒவ்வொன்றிலும், அதை வார்த்த நாள் எழுத்தும் எண்ணுமாகப் புடைத்து நிற்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு தேதி, பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். துண்டுகளைச் சேர்த்துக் கார் பூட்டப்பட்டது எந்த மாதத்தின் எத்தனையாவது வாரம் என்பது உடம்பில் உள்ள ஒரு தகட்டில் இருக்கும். துண்டு முதலில் பிறக்கவேண்டும், கார் பிறகு பிறக்கவேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புது எண் அடிப்பார்கள். ஆனால் தேய்த்த இடத்தில் பக்டரி இயந்திரம் விட்ட மெல்லிய கீறல்கள் அழிந்திருக்கும். டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் கிளப்பில் இருபத்திரண்டு பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். யாருக்கு எந்தத் துண்டில் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் காரில் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. கார்புரேட்டருக்குக் கீழே இருந்துகொண்டு, காற்றையும் பெட்ரோலையும் எட்டு சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெரிய வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று உண்டு. இன்டேக் என்போம். அதன் முன்பக்கத்தால் ரேடியேட்டர் தண்ணீரும் ஓடும். கார் பூட்டப்பட்டது மார்ச் மூன்றாவது கிழமை. அந்த இன்டேக் வார்க்கப்பட்டதோ மார்ச் இருபத்தேழு. பிள்ளை பிறந்து ஆறு நாளைக்குப் பிறகு மூக்குச் செய்ததுபோல.

பல மாதம் இதை நினைத்துக் குழம்பினேன். பிறகு ஒரு சனிக்கிழமை, அழுக்கைத் துடைக்கும்போது அதைக் கண்டேன். எஞ்சினின் முன்மூலையில், இன்டேக்கும் அதற்குக் கீழே உள்ள சிலிண்டர் ஹெட்டும் சேரும் விளிம்பில், விரலால் இழுத்ததுபோல ஒரு மஞ்சள் பெயின்ட். நீளம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அதன் நடுவில் ஒன்பது மில்லிமீட்டரில் ஒரு சிவப்பு வட்டம். பாதி மேல் துண்டில், பாதி கீழ்த் துண்டில்.  அந்தக் காலத்துப் பக்டரிகளில், பூட்டிய இடத்தைச் சரிபார்த்தவர் ஒரு சொட்டுப் பெயின்ட் தொட்டு வைப்பார். இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரே பெயின்ட் இருந்தால், அந்த மூட்டு அதற்குப் பிறகு திறக்கப்படவே இல்லை என்று பொருள். ஆகவே இன்டேக் காரோடு வந்ததுதான். கார்தான் ஏதோ காரணத்தால் பக்டரியில் ஒரு கிழமை தாமதித்திருக்கிறது.

இதைப் படங்களோடும் அளவுகளோடும் கிளப்பின் செய்தித்தாளில் நான்கு பக்கத்துக்கு எழுதினேன். மஞ்சள் முதலாவது பரிசோதகரின் அடையாளம், சிவப்பு இரண்டாமவருடையது என்றும் எழுதினேன். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்தேன். அதை வாசித்துவிட்டு நான்கு பேர் தங்கள் எஞ்சின்களில் அதே இடத்தில், அதே அளவில், அதே அடையாளத்தை வைத்தார்கள். ஒருவர், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, வட்டம் சரியாக ஒன்பது மில்லிமீட்டர் வருகிறதா என்று அளந்து பார்த்துப் படம் அனுப்பியிருந்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் கிளப்பின் ஆண்டுக் கண்காட்சி அது. வடக்கிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். எந்தக் கார் பக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவது அவருடைய வேலை. மிகக் கறாரானவர் என்று பெயர். பூங்காவின் மறுபாதியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கம் விளையாட்டுப் போட்டி வைத்திருந்தது. ஒலிபெருக்கி, கூடாரம், கொத்துரொட்டிச் சத்தம் எல்லாம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன. எங்கள் கிளப் செயலாளர் அங்கே போய் மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்து, நடுவருக்கும் ஒன்று கொடுத்தார். நடுவர் உறைப்பில் கண் கலங்கியபடி என் காருக்கு வந்தார். நேரம் இரண்டேகால் இருக்கும்.

நடுவர் இன்டேக்கின் தேதியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் அடையாளத்தைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். எழுபதுக்கு மேல் வயது. சேலைக்கு மேல் கார்டிகன், காலில் சப்பாத்து. முதலில் நம்பர் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த நாட்டில் கார் எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது. பிறகு சுற்றி வந்து, திறந்திருந்த பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, தமிழோ?"

"ஓம் அக்கா."

"இது எங்கட கார்."

நான் சிரித்தேன். எல்லாரும் எங்கள் கார்களைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள்.

"சத்தியமாத் தம்பி. நம்பர் மறக்கேல்லை. இஞ்ச பாருங்கோ, நான் வைச்ச பொட்டு அப்பிடியே இருக்கு!" அவருடைய விரல் நேராக முன்மூலைக்குப் போயிற்று. "குளிருக்கு இந்தத் துண்டு வெடிச்சுப் போச்சு. இவர் வேற ஒண்டு எடுத்துப் பூட்டினவர். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் ஓடக்கூடாது எண்டு நான்தான் வைச்சனான். சந்தனம் நிக்கேல்லை. பிறகு மகன்ர விளையாட்டுப் பிளேனுக்கு வாங்கின மஞ்சள் பெயின்ட். குங்குமத்துக்கு என்ர நெயில் பொலிஷ்."

நான் அந்த அடையாளத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாகப் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன். மஞ்சள் கீற்று, நடுவில் சிவப்பு வட்டம். என் மனைவியின் சின்னக் காருக்கு நானே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழ் தேசிக்காய் வைத்து ஏற்றினவன். எனக்குத் தெரியாமல் போயிற்று.

நடுவர் நிமிர்ந்தார். "அந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டுமே. கிளப்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அதில் இரண்டு பேருடைய எஞ்சின்களில் அந்தப் பொட்டு இருந்தது.

"அழகான கார் என்கிறார்" என்றேன்.

நடுவர் அந்த அக்காவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அந்த ஆங்கிலம் விளங்கியதா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். நாற்பது வருடம் லண்டனில் இருந்தவருக்கு விளங்காமல் இருக்குமா?

"தம்பி, இவர் அங்க கதிரையில இருக்கிறார். கால் ஏலாது. ரெண்டு பெடியளைப் பிடிச்சு மெல்லமாக் கூட்டிக்கொண்டு வரட்டோ? ஒருக்காப் பாத்தால் காணும்."

அவருடைய கணவர் ஆங்கிலம் கதைப்பார், நடுவரோடு நேரடியாகவே கதைத்துவிடுவார் என்ற எண்ணம் அந்தக் கணத்தில் எனக்கு வந்தது. அதைத்தவிர வேறொன்றும் வரவில்லை என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

"இப்ப புள்ளி போடுகினம் அக்கா. முடிஞ்ச உடனே நானே வந்து கூப்பிடுறன்."

"எங்கட வான் மூண்டரைக்கு வெளிக்கிட்டிடும். ரெய்னர்ஸ் லேனுக்குப் போகவேணும்."

"அதுக்கு முதல் வந்திடுவன்."

நடுவர் என் காரைப் பார்த்து முடித்தது இரண்டு ஐம்பதுக்கு. நான் போகவில்லை. மூன்று மணிக்கும் போகவில்லை. மூன்றேகாலுக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்திருந்த கண்ணாடியைத் துடைத்தேன். மூன்றரைக்கு, மைதானத்தின் அந்தக் கரையில் ஒரு வெள்ளை வானுக்குள் இரண்டு இளைஞர்கள் ஒரு வயதான மனிதரை ஏற்றுவது தெரிந்தது. அவர் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆனால் வான் உடனே கிளம்பவில்லை. மூன்று முப்பத்தேழுக்குத்தான் போயிற்று. ஏழு நிமிடம் ஏன் நின்றது என்று எனக்கு அப்போது தெரியாது. போனதும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நான்கு மணிக்கு எனக்கு முதல் பரிசு. மரப்பலகையில் பித்தளைத் தகடு. கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து டயரியைத் திறந்தேன். "முதல் பரிசு" என்று எழுதினால் அடுத்த வரியில் என்ன எழுதுவது? எழுதாமல் விட்டால் அது டயரியே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடுத்த நாளும் அந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை. பழைய டயரிகளைப் புரட்டி, அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்த நாளைத் தேடி எடுத்தேன். அளவுகள், வெளிச்சம் விழுந்த பக்கம், எந்தத் துணியால் துடைத்தேன் என்பது வரை எழுதியிருந்தேன். கடைசியில் ஒரு சின்ன வரி: 'படத்தைக் காட்டினேன். மனைவி பகிடி விட்டாள்.'

என்ன பகிடி என்று எழுதவில்லை. குசினிக்குள் போய்க் கேட்டேன்.

"அண்டைக்குப் படத்தைக் காட்ட, நீ என்ன பகிடி விட்டனீ?"

"எருமைக்கு ஆர் பொட்டு வைச்சது எண்டு கேட்டனான். நீங்கள் இன்ஸ்பெக்டர் வைச்சது எண்டு ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தீங்கள். இன்ஸ்பெக்டர் நல்ல சைவக்காரன் போல எண்டு சொன்னன். அதுக்கு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்து அடுப்பைக் குறைத்தாள். "ஏன்? என்ன நடந்தது?"

எல்லாவற்றையும் சொன்னேன். இன்டேக், நடுவர், வான் எல்லாம்.  முடிந்ததும் கேட்டாள்.

"அந்த மனிசன் ஒருக்காப் பாக்கத்தானே கேட்டவர்?"

"ஓம்."

"உங்களட்ட என்ன, காரைத் திருப்பித் தா எண்டோ கேட்டவை?"

 அவள் போனை எடுத்தாள். லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடிக்க மூன்று போன் போதும் என்பாள். அன்று இரண்டே போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எருமையை எடுத்துக்கொண்டு ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். மனைவியும் வந்தாள். பயணம் ஒரு மணி நாற்பது நிமிடம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றும் உதவவில்லை. நாங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே அந்தப் பெரியவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சந்தியிலயே கேட்டிட்டுது. இடது பக்கம் ஒரு பீட் பிந்துது, இப்பவும்" என்றார்.

நான் இறங்கி, முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். "அண்ணை, அண்டைக்கு நான் வேணுமெண்டுதான் வரேல்லை. அக்கா சொன்னதை அந்த வெள்ளைக்காரனுக்கும் மாத்திச் சொல்லிப்போட்டன்." ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதையும், செய்தித்தாளில் எழுதிய நான்கு பக்கத்தையும், சொந்தமாகக் கண்டுபிடித்த இரண்டு பரிசோதகர்களையும் சொன்னேன். அவர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப, எத்தினை வெள்ளைக்காரர் எஞ்சினுக்குப் பொட்டு வைச்சிருக்கினம்?"

"நாலு பேர் அண்ணை."

அவருக்குச் சிரிப்பு வந்து, பிறகு இருமல் வந்து, கதிரை கொண்டுவந்து இருத்த வேண்டியதாயிற்று. அக்கா வாசலில் நின்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை பாத்தோ வைச்சவை?"

நான் பொனட்டைத் திறந்தேன். பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு கை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. பெட்ரோல் ஸ்டேஷனில் அவர் வேலை செய்த காலத்தில், ஊருக்குத் திரும்பிப் போன ஓர் அமெரிக்க விமானப்படைக்காரரிடமிருந்து வாங்கிய கார் அது.

"முதல் விண்டர். ஊரில ரேடியேட்டருக்குத் தண்ணிதானே விடுறது? நானும் குசினிப் பைப்பில பிடிச்சு விட்டன். உறையாமல் இருக்க மருந்து கலக்கவேணும் எண்டு ஆருக்குத் தெரியும்? காலமை வந்து திறந்தால், இந்த மூலையால ஐஸ் எட்டிப் பாத்துக்கொண்டு நிக்குது. இரும்பு ரெண்டாப் பிளந்துபோச்சு. என்னோட வேலை செய்த வெள்ளைக்காரன் நிலத்தில இருந்து சிரிச்சவன்."

பழைய அமெரிக்கக் கார்களை உடைத்து விற்கும் ஒரு யார்டில் இன்டேக் எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். அதன் தேதி என் காரின் கிழமைக்கு ஆறு நாள் தள்ளி வந்தது வெறும் தற்செயல். பிளந்த அதே மூலைக்கு நேரே அக்கா பொட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஏழு விண்டர் போயும் அது வெடிக்கவில்லை என்று அவர் சொன்னார். அது மருந்து கலந்ததால் என்று பெரியவர் சொன்னார். இந்த வாக்குவாதம் அவர்களுக்குள் நெடுநாளாக நடந்து வருவது என்பது இருவரும் சொன்ன வேகத்தில் தெரிந்தது.

அவரை முன் சீட்டில் ஏற்றினோம். அக்காவும் என் மனைவியும் பின்னால். ஸ்டேஷனைச் சுற்றி, கடைகளைக் கடந்து, திரும்பி வந்தோம். அந்தக் காலத்தில் இந்தக் காருக்குள் மூன்று குடும்பம் அடைந்துகொண்டு கடற்கரைக்குப் போவார்களாம். பின்சீட்டில் நான்கு பெரியவர்கள், அவர்களுடைய மடியில் ஆறு பிள்ளைகள், காலடியில் புளிச்சாதப் பெட்டி. பொலிஸ் மறித்துவிட்டு, எண்ண முடியாமல் விட்டுவிட்டானாம். அக்கா சொல்லச் சொல்ல, பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே டாஷ்போர்டைக் கையால் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது.

"இதில ரெண்டு ஓட்டை இருந்ததே?"

என் குறிப்பேட்டில் அது இருந்தது. 'டாஷ்போர்டின் நடுவில் இரண்டு துளைகள், இடைவெளி முப்பத்திரண்டு மில்லிமீட்டர். பக்டரி அல்ல. காரணம் தெரியாது.' அதை நிரப்பி, நிறம் பொருந்த இரண்டு கோட் பூசி, இருந்த இடமே தெரியாமல் செய்திருந்தேன். அந்த வேலையைக்கூட நடுவர் பாராட்டியிருந்தார்.

"அடைச்சுப்போட்டன் அண்ணை."

"சீ... பிள்ளையார் இருந்த இடம்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா உள்ளே போய், சாமித்தட்டிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரைக் கொண்டுவந்தார். அடியில் ஒரு தகடு, தகட்டில் இரண்டு துளை. அளவு பார்க்கும் வேர்னியர் கருவி எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்து அளந்தேன். முப்பத்திரண்டு. மனைவி என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். ஆனால் பெரியவருக்கு அது பிடித்துப்போயிற்று. "பாத்தியே, நம்பர் பொருந்துது" என்றார் அக்காவிடம்.

"மூண்டாவது பிள்ளையும் வந்த பிறகு, தள்ளுவண்டி வைக்க இடம் இல்லையெண்டு காரை வித்தனாங்கள். பிள்ளையாரைக் கழட்டி எடுத்துக்கொண்டுதான் சாவியைக் குடுத்தனான். காரை விக்கலாம். இவரை விக்கேலாது" என்றார் அக்கா.

தேத்தண்ணி குடித்து, நாங்கள் வெளிக்கிடும் நேரம், பெரியவர் உள்ளே கதிரையில் அமர்ந்த பிறகு, அக்கா கேட்வரை வந்தார். அதுவரை என்னிடம் ஒரு குறையும் சொல்லாதவர். அப்போதும் குறைபோலச் சொல்லவில்லை.

"அண்டைக்கு வானுக்குள்ள ஏறின பிறகும் இவர் ட்ரைவரை விடேல்லை தம்பி. அந்தத் தம்பி வாறன் எண்டு சொன்னவன், வருவான், கொஞ்சம் பொறு எண்டு மறிச்சு வைச்சிருந்தவர். மற்றவை பேசத் தொடங்கின பிறகுதான் விட்டவர்."

மூன்று முப்பதிலிருந்து மூன்று முப்பத்தேழு வரை. நான் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டு நின்ற நேரம் அது.

 அந்தக் கிழமையே கிளப்புக்கு எழுதினேன். இந்தமுறை ஒரே பக்கம். அடையாளம் பக்டரியுடையது அல்ல, இன்டேக் லண்டனில் பூட்டியது, இது எனக்குப் பரிசு வாங்கும் முன்பே தெரியும், நடுவருக்கு நான் தவறாக மொழிபெயர்த்தேன் என்று வரிசையாக எழுதி, பரிசுப் பலகையையும் பெட்டியில் வைத்து அனுப்பினேன். கிளப்பை விட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலில் மூன்று கிழமை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. செயலாளர் சுருக்கமாக, பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் எழுதினார். அது எனக்கு வேண்டியதுதான்.

பிறகு நடுவரிடமிருந்து புதிதாகப் புள்ளி போட்ட தாள் வந்தது. இன்டேக்குக்கு இருந்த புள்ளிகள் முழுதும் வெட்டப்பட்டிருந்தன. என் நேர்மைக்கென்று எதுவும் கூட்டப்படவில்லை. ஓரத்தில் மட்டும் கையால் எழுதியிருந்தார்: ஒரு துண்டை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று முழுதாகத் தெரிந்த கார் ஒன்றைத் தன் வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பதாக. ரயில் சாரதி போனில் கூப்பிட்டார். தன் எஞ்சினில் உள்ளதை அழிக்கப்போவதில்லை, அதை வைத்த பிறகு கார் ஒருநாளும் ஸ்டார்ட் ஆகாமல் விட்டதில்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அதை மறுபடி சரியான முறைப்படி வைப்பதென்றால் எந்த நாள் நல்லது என்று கேட்டார். வெள்ளி என்றேன்.

பெரியவர் இந்த வருடத் தொடக்கத்தில் காலமானார். அதற்கு முன் நான்கு தடவை எருமையில் போய் வந்தோம். கடைசித் தடவை, இடது பக்கம் பிந்துகிற பீட்டை அவரே காதால் கேட்டு, எந்தப் பிளக் என்று சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

டாஷ்போர்டில் நான் நிரப்பியதைத் தோண்டி எடுத்துவிட்டேன். இரண்டு ஓட்டைகளும் இப்போது திறந்தே இருக்கின்றன. பிள்ளையார் ரெய்னர்ஸ் லேனில் அக்காவின் சாமித்தட்டில் இருக்கிறார். அங்கேதான் இருக்கவேண்டும். கண்காட்சிகளில் வருகிறவர்கள், இவ்வளவு கவனமாகத் திருத்திய காரில் இந்த ஓட்டைகளை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்பார்கள். யாராக இருந்தாலும், எவ்வளவு நேரம் எடுத்தாலும், முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன். ஒருநாள் ஏழு நிமிடம் என்னை நம்பி ஒரு வானை மறித்து வைத்திருந்தவருக்கு, இனி நான் கொடுக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.